எக்பர்ட்டுக்கு வெட்டிய வழி

எக்பர்ட் செத்துப்போனதும் லம்மிக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. காய்ச்சலோடு ஏரிக்குப் போகாதீர்கள் என்று இரண்டு நாளாகத் தொண்டை வறளச் சொல்லியிருந்தாள். எழுபதைத் தாண்டிய மனிதர், நெஞ்சில் சளி கட்டிக்கிடக்கிறது, மூச்சு விட்டால் எண்ணெய் போடாத கதவு மாதிரி சத்தம் வருகிறது. இருந்தும் விடிந்ததும் விடியாததுமாகத் துளைபோடும் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு, உறைந்த ஏரியின் மேல் நடக்கப் போய்விட்டார். திரும்பி வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு. "நாலு விரல் கனம் இருக்கு லம்மி. இன்னும் மூணு நாலு ராத்திரி இப்பிடியே குளிரட்டும், அப்புறம் பாரு" என்றார். காபி கேட்டார். அவள் காபியோடு வருவதற்குள் நாற்காலியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, "சொன்னேனா இல்லையா?" என்று கேட்டாள். பதில் வராது என்று தெரிந்த பிறகும் இன்னொரு தடவை கேட்டாள். அப்புறம்தான் இடது கை வீட்டுக்குச் சொல்ல வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது. எழுந்து போய் அந்தக் கதவைத் தட்டினாள்.

எங்கள் ஊர் ஹொல்லெபெல்ட்டில் ஒரு வீட்டுக்கு இடது பக்கம் இருப்பவர்கள்தான் முதல் அண்டை. பிரசவமோ சாவோ, கூரையில் தீப்பிடித்ததோ, முதல் சொல் அங்கேதான் போக வேண்டும். அவர்களைப் பிடிக்கிறதா இல்லையா என்பது வேறு கணக்கு. லம்மிக்கு லுபர்ட்டை அவ்வளவாகப் பிடிக்காது. நாணல் அறுக்கும் பருவத்தில் எல்லைக் கம்பைத் தாண்டி இரண்டு கட்டு சேர்த்து அறுத்துவிட்டு, கேட்டால் காற்றில் நாணல் சாய்ந்து வந்துவிட்டது என்பார். ஆனால் அன்றைக்கு மரச் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, காலுறையோடு உள்ளே வந்து, சுவர்க் கடிகாரத்தை நிறுத்தினார். எக்பர்ட்டின் கண்களை மூடினார். அவர் மனைவி ஸ்டீனா கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு நேராக அடுப்படிக்குப் போனாள். இனிமேல் புதைத்து முடிகிறவரை அந்த வீட்டின் அடுப்பும் சாவியும் அவர்கள் கையில்தான்.

இருவருமாக எக்பர்ட்டைக் குளிப்பாட்டி, கறுப்பு உடுப்பு போட்டுவிட்ட பிறகு, லுபர்ட் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு லம்மியின் முன்னால் வந்து நின்றார்.

"எப்பிடிக் கொண்டு போறது லம்மி? ரோடு வழியாவா, தண்ணி வழியாவா?"

கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு பழங்கதை கிடக்கிறது.

இந்த ஏரியைக் கடவுள் கொடுக்கவில்லை. எங்கள் ஊர்க்காரர்களே தோண்டியது. அந்தக் காலத்தில் இங்கே இருந்தது சதுப்பு நிலம். அதன் அடியில் கறுப்புச் சேறு. அதை வாரி வெயிலில் காயவைத்தால் விறகுக்குப் பதிலாக எரியும், நகரத்தில் நல்ல விலை. நீளநீளமாக வாய்க்கால் தோண்டி, இடையில் வரப்பு விட்டு, சேற்றை அந்த வரப்பில் காயவைத்தார்கள். அப்பன் விட்ட வரப்பை மகன் கொஞ்சம் சுரண்டினான், மகன் விட்டதைப் பேரன் சுரண்டினான். கடைசியில் ஆள் நடக்கும் அகலத்துக்குத்தான் வரப்பு மிஞ்சியது. ஒரு நவம்பர் மாதப் புயல் வந்து அத்தனை வரப்பையும் ஒரே வாரத்தில் கரைத்துவிட்டது. வரப்போடு ஊரும் போனது. மணல்மேட்டில் இருந்த தேவாலயமும் கல்லறைத் தோட்டமும் மட்டும் தப்பின. பேராசைக்கு இதைவிடப் பெரிய ரசீது எந்த ஊருக்கும் கிடைத்திருக்காது.

மிஞ்சியவர்கள் இந்தக் கரையில் வந்து புதிதாக வீடு கட்டிக்கொண்டார்கள். செத்தவர்களை மட்டும் பழைய இடத்துக்கே படகில் அனுப்பினார்கள். அன்றிலிருந்து உயிரோடு இருப்பவர்களுக்கு இந்தக் கரை, செத்தவர்களுக்கு அந்தக் கரை. ஒரு கடுங்குளிர்காலத்தில் சவப்பெட்டியைச் சறுக்கு வண்டியில் வைத்துப் பனிமேல் இழுத்துப் போயிருக்கிறார்கள். பாதி வழியில் பனி உடைந்து வண்டியும் பெட்டியும் உள்ளே போய், வசந்தம் வந்த பிறகுதான் கிடைத்தன. அதற்குப் பிறகு செத்தவரைப் பனிமேல் ஏற்றுவதில்லை; ஏரி உறைந்திருந்தால் பனியை வெட்டி வழி செய்துதான் படகு விடுவார்கள். ஏரியைச் சுற்றி இப்போது நல்ல தார் ரோடு இருக்கிறது. சவ வண்டி கால் மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் அந்த ரோடு வழியாகக் கல்லறைக்குப் போனவர் இதுவரை ஒரே ஒருவர்தான். அவர் ஓய்வுபெற்ற வரி அதிகாரி, வெளியூர்க்காரர் வேறு.

"தண்ணி வழியாத்தான்" என்றாள் லம்மி.

"ஏரி உறைஞ்சு கெடக்கே."

"எனக்குத் தெரியாதா? அதுமேல போய் நின்னதாலதானே உசிர விட்டாரு. நாப்பது வருஷம் அந்த ஐஸுக்குக் காவல் இருந்தாரு. ஒரு நாள், ஒரே ஒரு நாள், அது அவருக்கு வழி விடட்டும்."

சொல்லிவிட்டு முகவாயைத் தூக்கிக்கொண்டு நின்றாள். லுபர்ட் சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தாள். சண்டைக்கு அவளிடம் தயாராக இன்னும் நாலு வாக்கியம் இருந்தது.

லுபர்ட் தொப்பியின் உள்பக்கத்தைப் பார்த்தார். "சரி" என்றார். தொப்பியைப் போட்டுக்கொண்டு ஊருக்குச் சொல்லக் கிளம்பிவிட்டார்.

அந்தச் 'சரி' எவ்வளவு பெரிய சரி என்பது லம்மிக்குத் தெரியும். எக்பர்ட் இந்த ஊரின் ஐஸ் மேஸ்திரி. ஊராட்சித் தலைவர் யார் என்று கேட்டால் ஹொல்லெபெல்ட்டில் பாதிப் பேர் யோசிப்பார்கள். ஐஸ் மேஸ்திரி யார் என்று கேட்டால் நடக்கப் பழகும் குழந்தைகூடக் கை நீட்டிக் காட்டும். ஏரி உறைய ஆரம்பித்துவிட்டால் அவர் வைத்ததுதான் சட்டம். எங்கே கால் வைக்கலாம், எங்கே கூடாது, எப்போது சறுக்கலாம், எல்லாம் அவர்தான் சொல்வார். உறையும் ஏரியில் படகை விட்டுப் பனியை உடைத்தவனைச் சும்மா விடமாட்டார். ஒருமுறை அவசரமாக மோட்டார் படகில் வந்த டாக்டரையே கரையில் நின்று கத்தித் திருப்பி அனுப்பினார். அந்த நல்ல மனிதர் பையைத் தூக்கிக்கொண்டு ஏரியைச் சுற்றி நடந்தே வந்தார். வந்ததும் எக்பர்ட் அவருக்குக் காபி கொடுத்து, பனி எவ்வளவு அழகாகப் பிடித்திருக்கிறது பாருங்கள் என்று ஜன்னலைக் காட்டினார்.

பனி போதுமான கனத்துக்கு வந்தால், ஏரி முழுக்கச் சறுக்கிச் சுற்றிவரும் ஏரிச் சுற்று நடக்கும். நாடு முழுவதிலுமிருந்து ஆயிரக்கணக்கான பேர் காலில் மாட்டும் சறுக்குக் கத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு வருவார்கள். ஊரே பட்டாணி சூப்பும் சூடான சாக்லேட்டுமாக மணக்கும். கடைசியாக நடந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. இடையில் வந்ததெல்லாம் மழையும் சகதியுமான குளிர்காலங்கள். கடைசிச் சுற்றில் பந்தயம் விட்ட வாலிபர்களுக்கு இப்போது வழுக்கை விழுந்துவிட்டது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சுற்று என்பதைக் கதையாகத்தான் கேட்டிருக்கிறார்கள். இந்த வாரம்தான் குளிர் கையைக் கட்டிக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. சனிக்கிழமை சுற்று என்று எல்லோர் வாயிலும் பேச்சு.

லம்மியின் படித்துறையிலிருந்து தேவாலயம் வரை பனியை வெட்டினால் ஏரி இரண்டாகப் பிளந்துவிடும். சுற்று நடக்காது. இது ஊரில் யாருக்கும் விளக்க வேண்டிய விஷயமில்லை.

அன்று மாலைவரை ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஸ்டீனா காபி ஊற்றினாள், உலர்திராட்சை ரொட்டியை அறுத்து வெண்ணெய் தடவி நீட்டினாள். வந்தவர்கள் சாப்பிட்டார்கள், "நல்ல மனுஷன்" என்றார்கள், ஜன்னல் வழியாக ஏரியை ஒரு பார்வை பார்த்தார்கள், உடனே கண்ணைத் தட்டுக்குத் திருப்பிக்கொண்டார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு மறைத்துப் பேச வராது. உன் புதுத் தொப்பி நன்றாக இல்லை என்றால் இல்லை என்றுதான் சொல்வார்கள், அதுவும் கல்யாண வீட்டில் வைத்துச் சொல்வார்கள். ஆனால் சாவு வீட்டில் சொன்ன வார்த்தைக்கு எதிர்வார்த்தை கிடையாது. அது ஒன்றில் மட்டும் வாயைத் தைத்துக்கொள்வார்கள்.

வெஸெலும் வந்தான். பால் வண்டி ஓட்டுகிறவன், எக்பர்ட்டுக்குத் துணை மேஸ்திரி. பத்து வருஷமாகத் துணை மேஸ்திரியாக இருந்தும் ஒரு சுற்றைக்கூடப் பார்க்காத பாவப்பட்டவன். இப்போது அவன்தான் மேஸ்திரி. காபிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அது கைநழுவி ஓடிவிடும் போல உட்கார்ந்திருந்தான்.

"என்ன வெஸெல், ஐஸ் எப்பிடி இருக்கு?" என்று லம்மியே எடுத்துக்கொடுத்தாள்.

"இருக்கு அத்தை."

"நல்லா இருக்கா?"

"நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல அத்தை. மாமா நல்ல மனுஷன்." ரொட்டியை மென்று முழுங்கிவிட்டு எழுந்து போய்விட்டான்.

இரவு ஆவதற்குள் மகள் கெர்டின் நகரத்திலிருந்து வந்து சேர்ந்தாள். அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு அம்மாவின் எதிரில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு அப்பாவின் வாய்.

"அம்மா, பஸ்ஸை விட்டு எறங்கினதுலேருந்து பாக்கறேன். ஒருத்தர் மொகத்துலயும் ஈயாடல. சுற்று போச்சுன்னு ஊரே பல்லைக் கடிச்சிட்டு இருக்கு."

"ஒருத்தரும் எங்கிட்ட சொல்லலியே."

"சாவு வீட்ல எப்பிடிம்மா சொல்லுவாங்க?"

"வாய் இருக்கில்ல? கேக்கட்டும். லம்மி, ரோடு வழியாக் கொண்டு போலாமா, சுற்று இருக்குன்னு ஒரு ஆள் கேக்கட்டும்."

"கேட்டா சரிம்பியா?"

 கேட்டால் என்ன சொல்லுவாள் என்று லம்மிக்கே தெரியவில்லை. ஒரு நேரம், போங்கடா, உங்களுக்கு ஐஸ்தான் பெருசு, என் புருஷன் பெருசில்ல என்று கத்தத் தோன்றியது. இன்னொரு நேரம், எடுத்துக்கோங்க, அவர் உங்களுக்காகத்தானே அலைந்தார் என்று கொடுத்துவிடத் தோன்றியது. இரண்டில் எதைச் செய்யவும் முதலில் யாராவது கேட்டாக வேண்டும். கேட்காத ஒன்றை எப்படி மறுப்பது, எப்படிக் கொடுப்பது?

"அப்பா என்னம்மா சொல்லிருப்பாரு?"

"உங்கப்பாவா? அவங்கப்பன், தாத்தன் எல்லாரும் படகுல போனாங்க, நானும் போகணும்பாரு. அதே மூச்சுல, ஐஸ்ல கை வச்சவன் கையை ஒடைப்பேன்னும் சொல்லுவாரு. அவரோட இத்தனை வருஷம் வாழ்ந்தவ நான். அவரைக் கேட்டு ஒரு புண்ணியமும் இல்ல."

மறுநாள் காலையில் ரம்பச் சத்தம் கேட்டுத்தான் லம்மி எழுந்தாள். ஜன்னல் கண்ணாடியில் பிடித்திருந்த உறைபனியை விரலால் சுரண்டிவிட்டுப் பார்த்தாள். ஏரிமேல் இருபது முப்பது ஆம்பிளைகள். படித்துறையில் ஆரம்பித்து, இரண்டு கோடாக ரம்பத்தால் அறுத்து, நடுவில் குறுக்கே துண்டு போட்டு, துண்டைக் கழியால் அமுக்கி ஓரத்துப் பனிக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒரு படகு போகும் அகலத்துக்குக் கறுப்புத் தண்ணீர் பின்னால் நீண்டு கிடந்தது. யாரும் பேசவில்லை, யாரும் விசிலடிக்கவில்லை. முன்னால் குனிந்து அறுத்துக்கொண்டிருந்தவன் வெஸெல்.

இதுவரை கோபம் அவளைத் தூக்கிப் பிடித்திருந்தது. இப்போது அது இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது. ஐயோ, நிஜமாகவே அறுக்கிறார்களே என்றுதான் நினைத்தாள். எக்பர்ட்டின் கனத்த கோட்டை மாட்டிக்கொண்டு, அவருடைய முள்ளாணி வைத்த பூட்ஸில் காலை நுழைத்துக்கொண்டு, தலையில் ஒன்றும் போடாமல் வெளியே வந்தாள். கெர்டின் பின்னாலிருந்து கூப்பிட்டதைக் காதில் வாங்கவில்லை. பனிமேல் நடந்தே லுபர்ட் நிற்குமிடத்துக்குப் போனாள்.

"நிறுத்துங்க!"

ரம்பங்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"நிறுத்து லுபர்ட். ரோடு வழியாக் கொண்டு போயிடலாம். எனக்கு ஒண்ணுமில்ல."

லுபர்ட் கழியை ஊன்றிக்கொண்டு திரும்பினார். மீசையில் மூச்சு உறைந்திருந்தது.

"இப்ப வந்து சொல்றியா?"

"இப்பதான் சொல்றேன். நிறுத்து."

"திரும்பிப் பாரு. பாதி ஏரி வெட்டியாச்சு. வெட்டின ஐஸை ஊசி நூலு வச்சுத் தைக்கவா? சுற்றுக்கும் ஆகாது, படகுக்கும் ஆகாது. எக்பர்ட்டை நட்ட நடு ஏரியில எறக்கி விட்டுட்டு, இதுவரைக்கும்தான் வழி, மிச்சத்த நீயே நடந்து போயிக்கன்னு சொல்லவா?"

"நேத்தே எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல? வேணாம் லம்மின்னு ஒரு வார்த்தை?"

"நீ கேட்ட. மொதல் அண்டை முடியாதுன்னு சொல்றதில்ல."

"நாணல் அறுக்கறப்ப மட்டும் மொதல் அண்டை கம்பைத் தாண்டி அறுக்கலாமாக்கும்!"

பின்னால் யாரோ சிரித்துவிட்டு உடனே இருமினார்கள். லுபர்ட்டின் காது சிவந்தது. குளிரில் ஏற்கெனவே சிவந்திருந்த காது இன்னும் சிவந்தது.

"அது காத்து" என்றார்.

"காத்துமில்ல கீத்துமில்ல. உனக்குக் கோவமா இல்லையா, அத மட்டும் சொல்லு. வாயத் தொறந்து சொல்லு. எல்லாரும் வந்து என் ரொட்டியத் தின்னுட்டு நல்ல மனுஷன் நல்ல மனுஷன்னு சொல்லிட்டுப் போறீங்க. எனக்கு மூச்சு முட்டுது லுபர்ட்."

லுபர்ட் கழியைப் பனிமேல் எறிந்தார். "கோவந்தான்! வேற என்னன்னு நெனச்ச? பன்னண்டு வருஷம் லம்மி! என் பேத்திக்கு மொதல் சறுக்குக் கத்தி வாங்கிக் குடுத்து அவ அத மெத்தையில வச்சுக்கிட்டுத் தூங்கறா. உம் புருஷன் மேலயும் கோவம். சாகறதுக்கு வேற நாளே கெடைக்கலியா அந்த மனுஷனுக்கு? ஞாயித்துக்கெழம செத்திருக்கக் கூடாதா?"

சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டுப்போனார். பக்கத்தில் நின்றவர்கள் தங்கள் பூட்ஸைப் பார்த்தார்கள். இந்த ஊரில் இதுவரை எந்தச் சாவு வீட்டிலும் யாரும் இப்படிப் பேசியதில்லை.

லம்மிக்கு நெஞ்சில் கிடந்த கல் சட்டென்று இறங்கியது போலிருந்தது. "எனக்கும் அதே கோவந்தான்" என்றாள். "போகாதீங்கன்னு சொன்னேன் லுபர்ட். கெஞ்சினேன். கேக்கல."

"எப்பக் கேட்டான், இப்பக் கேக்க?" லுபர்ட்டின் குரல் இறங்கிவிட்டது. மூக்கை முழங்கையில் துடைத்துக்கொண்டார்.

வெஸெல் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு வந்தான். கண் ஓரமெல்லாம் சிவந்து கிடந்தது. "எனக்கும் அத்தை" என்றான்.

"என்னடா உனக்கும்?"

"கோவம். ராத்திரி பூரா தூங்கல."

"அப்பிடி வா வழிக்கு" என்றாள் லம்மி. "நேத்துக் காபி குடிக்கறப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாம்." குனிந்து லுபர்ட்டின் கழியை எடுத்தாள். "மிச்சத்த வெட்டுங்க. துண்டை நான் தள்றேன்."

"உனக்கு எதுக்கு இந்த வேலை? பெஞ்சாதி பெட்டி பக்கத்துல இருக்கணும்."

"பெட்டி எங்கயும் ஓடிடாது. நீ அறு."

வாய் திறந்த பிறகு வேலை வேகமாக நடந்தது. ஒருவன் வெட்டிய பனித்துண்டின் கனத்தைக் காட்டி, "பாருடா, ஒரு குமிழிகூட இல்ல, கண்ணாடிடா" என்று புலம்பினான். இன்னொருவன் தன் அப்பனை எக்பர்ட் திட்டிய திட்டைச் சொல்லிக் காட்டினான். அதைக் கேட்டு லம்மியும் சிரித்தாள். இருட்டும் நேரத்துக்கு மணல்மேட்டுக்கு வழி திறந்துவிட்டது.

வியாழக்கிழமை காலையில் எக்பர்ட் போனார். ராத்திரிக் குளிரில் வெட்டிய வழியின் மேல் மெல்லிய ஏடு படிந்திருந்தது. படகு போகப் போக அது அப்பளம் போல நொறுங்கியது. லுபர்ட் பின்னால் நின்று கழி போட்டார். பெட்டியின் ஒரு பக்கம் லம்மி, மறுபக்கம் கெர்டின். இருபுறமும் பனிமேல், இடைவெளி விட்டு இடைவெளி விட்டு, ஊர் மொத்தமும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றது. கூட்டமாக நின்றால் பனி தாங்காது, ஆளுக்கு ஆள் இவ்வளவு தள்ளி நில்லுங்கள் என்று வெஸெல் முன்னால் போய் ஒவ்வொருவரையும் அதட்டிக்கொண்டிருந்தான். எக்பர்ட்டின் அதே அதட்டல். லம்மி அதைக் கேட்டுக்கொண்டே போனாள். தேவாலய மணி அடித்துக்கொண்டிருந்தது. அக்கரையில் லுபர்ட்டும் அவர் வீட்டு ஆம்பிளைகளும் பெட்டியைத் தோளில் எடுத்தார்கள். மண் கல்லாக இறுகிப்போயிருந்ததால் குழி தோண்டியவர்களுக்குக் கடப்பாரை வேண்டியிருந்தது. பாதிரியார் குளிரை நினைத்துப் பிரசங்கத்தைச் சுருக்கிக்கொண்டார். அதற்காக எல்லோரும் அவரை மனதுக்குள் வாழ்த்தினார்கள்.

சாயங்காலம் ஸ்டீனா பாத்திரங்களைக் கழுவிவிட்டுச் சாவியை லம்மியின் கையில் திருப்பிக் கொடுத்தாள். லுபர்ட் கடிகாரத்தை ஓடவிட்டார். சாவு வீடு மறுபடி வீடானது. அவர்கள் வாசலைத் தாண்டியதும் வெஸெல் வந்து நின்றான். இந்தத் தடவை உட்காரவில்லை.

"அத்தை, உங்கள ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"குளிர் விடலை. இன்னும் ரெண்டு ராத்திரி இப்பிடியே போச்சுன்னா மத்த எடமெல்லாம் சுற்றுக்குத் தாங்கும். வெட்டின எடம் மட்டும் தாங்காது. அதுமேல பலகை போட்டு, பலகைமேல பழைய கம்பளம் விரிச்சா, சறுக்கிட்டு வர்றவங்க கத்தி மழுங்காம ஏறி நடந்து கடந்துருவாங்க. ஐஸ் சரியாப் பிடிக்காத பாலத்தடியில அங்கங்க செய்யறதுதான். ஆனா மாமாவ அடக்கம் பண்ணி ரெண்டே நாள்ல, அவர் போன வழி மேலயே..." அவன் நிறுத்தினான். "வேணாம்னா வேணாம் அத்தை. சனிக்கிழம சும்மா ஒக்காந்திருப்போம். ஆனா எனக்கு நடத்தணும்னு இருக்கு. ரொம்ப இருக்கு."

லம்மி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். நாற்பது வயதுக்காரன், பரீட்சை எழுத வந்த பையன் மாதிரி வேர்த்துக்கொண்டு நின்றான்.

"நடத்து" என்றாள். "பலகை எங்க இருக்கு?"

"லுபர்ட் படகோட அடிப்பலகை தர்றேன்னாரு. கம்பளம்தான் பத்தாது."

"எங்க கூடத்துல இருக்கறத எடுத்துக்க. அவருக்கு அது பிடிக்கவே பிடிக்காது." கொஞ்சம் யோசித்தாள். "அந்தப் பலகைக்கு ஆள் வேணுமே. வேகமா வர்றவங்க தடுக்கி விழுவாங்க. கை குடுத்து ஏத்தி எறக்க யாராவது நிக்கணும்."

"பாத்துக்கறேன் அத்தை."

"நீ ஒண்ணும் பாக்க வேணாம். நான் நிக்கறேன்."

சனிக்கிழமை பொழுது விடியும்போதே ரோட்டில் கார்கள் வரிசை கட்டிவிட்டன. வானம் துடைத்துவைத்தது போலிருந்தது, காற்றே இல்லை. முதல் கூட்டம் பிள்ளைகள். லுபர்ட்டின் பேத்தி மூக்கு ஒழுக ஒழுக முன்னால் வந்து, லம்மியின் கையைப் பிடித்துக் கம்பளத்தில் தத்தித் தத்தி நடந்து, அந்தப் பக்கம் இறங்கி ஓடினாள். அதற்குப் பிறகு கூட்டம் நிற்கவே இல்லை. இளவட்டங்கள், வயிறு பெருத்தவர்கள், கைகோத்த தம்பதிகள், கம்பைப் பிடித்துக்கொண்டு வரிசையாக வரும் குடும்பங்கள். லம்மி எக்பர்ட்டின் கோட்டில் பலகையோரம் நின்று ஒவ்வொருவருக்கும் கை நீட்டினாள். "மெதுவா, மெதுவா. கத்திய நேரா வைங்க. ம், எறங்குங்க." லுபர்ட் எதிர்ப்பக்கம் நின்று இறங்குகிறவர்களைப் பிடித்தார்.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு ஆள் வந்தான். தெற்கே ஏதோ நகரத்துக்காரன், பளபளவென்று விலையுயர்ந்த உடுப்பு. நல்ல வேகத்தில் வந்தவன் பலகையைக் கண்டு சறுக்கை நிறுத்தி, இடறிக் குனிந்து, லம்மியின் கையைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர்ந்தான்.

"நல்லாப் போயிட்டு இருந்துச்சு" என்றான் மூச்சு வாங்க. "இவ்ளோ அருமையான ஐஸ்ல, நட்ட நடுவுல, எந்த முட்டாள் இப்பிடி வெட்டி வச்சான்?"

எதிர்ப்பக்கம் லுபர்ட் வாயைத் திறந்தார். லம்மி அவரைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"நான்தான் அந்த முட்டாள்" என்றாள். "எம் புருஷனை அந்தக் கரைக்குக் கொண்டு போக வேண்டியிருந்துச்சு."

அவன் பலகைமேல் ஒரு காலும் பனிமேல் ஒரு காலுமாக நின்றான். அந்தக் கறுப்புக் கோடு அவள் வீட்டுப் படித்துறையிலிருந்து நேராகப் போய் மணல்மேட்டில் முடிவதைப் பார்த்தான்.

"எப்ப?"

"முந்தாநாள்."

அவன் கம்பளித் தொப்பியைக் கழற்றினான். தலையிலிருந்து ஆவி பறந்தது. "அவருக்கு... சறுக்கத் தெரியுமா?" என்று கேட்டான்.

"தெரியுமாவா? இந்த ஐஸையே காபந்து பண்ணி வச்சவர் அவர்தான். இதுல ஒரு கீறல் விழ விடமாட்டாரு." நாலு நாளாக எங்கேயோ ஒளிந்திருந்த அழுகை அத்தனை பேர் நடுவில், வெட்ட வெளிச்சத்தில் வந்துவிட்டது. துடைக்கக் கை இல்லை. ஒரு கை அவன் கையில் இருந்தது. மறு கையை அதற்குள் பின்னால் வந்த ஒரு பெண் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"மன்னிச்சிருங்கம்மா" என்றான் அவன்.

"மன்னிக்க என்ன இருக்கு? நீயாவது கேட்ட. எறங்கு, பின்னால ஆள் நிக்குது."

அவன் தொப்பியைக் கையிலேயே வைத்துக்கொண்டு இறங்கிப் போனான். அவன் போவதைப் பார்த்த அடுத்தவன் ஏன் என்று தெரியாமலே தன் தொப்பியைக் கழற்றினான். அவனைப் பார்த்து அவனுக்கு அடுத்தவன். லம்மி அழுதுகொண்டே கை நீட்டினாள், ஏற்றினாள், இறக்கினாள். சூரியன் நாணல் பக்கம் சாயும்வரை முன்பின் தெரியாத ஆயிரம் பேர் வெறுந்தலையோடு எக்பர்ட் போன வழியைக் கடந்து போனார்கள்.